ஃபார்மட் அடிக்கும் முன் எடுக்க வேண்டிய மூன்று பென்டிரைவ்கள்

குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு மழைக்காலத்திலும் சர்வீஸுக்கு வரும் சிஸ்டங்களில் ஒரு வகையை அடிக்கடி பார்க்கலாம். கரண்ட் நெடுநேரம் இல்லாமல் இருந்து திரும்ப வந்திருக்கும். ஆன் செய்ததும் நீலத்திரையில் ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று நிற்கும். பெரும்பாலும் கிடைக்கும் பதில், “விண்டோஸ் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்” என்பது. பல நேரங்களில் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை கொடுக்கும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்புகள் நிலைத்து நிற்கும். அது நின்றதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், அதோடு சாட்டா மோடும் (போர்டு டிஸ்கோடு பேசும் முறை) போர்டின் பழைய இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐ, இப்போது ஐடிஇ அல்லது ரெய்டு. ஆகவே விண்டோஸால் தன் டிஸ்கையே திறக்க முடியாது. பேட்டரியை மீட்டரில் பார்த்து 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றி, சாட்டா மோடைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது.

டிஸ்கில் உள்ள விண்டோஸ் இல்லாமலே சிஸ்டத்தைக் கிளப்பும் பூட்டபிள் பென்டிரைவின் முதல் வேலை, டிஸ்கில் எதையும் எழுதாமல் பழுது ராமிலா, டிஸ்கிலா, பயாஸிலா, விண்டோஸிலா என்று காட்டுவது. ஓஎஸ் போடுவது அதன் கடைசி வேலை. கீழே உள்ள மூன்று பென்டிரைவ்களும் அந்த வரிசையை மனதில் வைத்துத் தயாரித்தவை.

பென்டிரைவைத் தேர்ந்தெடுப்பது

முதல் பென்டிரைவுக்கு 64 ஜிபி, யுஎஸ்பி 3.0. இரண்டாவதுக்கு 16 ஜிபி. மூன்றாவதுக்கு 8 ஜிபி போதும், பழைய யுஎஸ்பி 2.0 ஆனாலும் சரி. 256 ஜிபி ஒன்றையே வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டால் என்ன என்று தோன்றும். பழைய பயாஸ் சிலவற்றுக்கு யுஎஸ்பி வழியே 137 ஜிபிக்கு அப்பால் படிக்கத் தெரியாது, 28 பிட் முகவரியின் எல்லை அது. முதல் பென்டிரைவில் போடப்போகும் வென்டாய் என்ற கருவி தன் பூட் ஃபைல்களை டிஸ்கின் கடைசியில் உள்ள சின்னப் பார்ட்டிஷனில் வைக்கிறது. பெரிய பென்டிரைவில் அந்தக் கடைசிப் பகுதி பழைய போர்டின் கண்ணுக்கே எட்டாது. 64 ஜிபியில் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கியதும் கொள்ளளவைச் சோதிக்காமல் வேலைக்கு எடுக்கக் கூடாது. உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரில் 64 என்று பொய் எழுதிய போலிகள் சந்தையில் நிறைய. அவற்றில் முதல் சில ஃபைல்கள் ஒழுங்காகப் பதியும், எல்லை தாண்டியதும் எழுதியது எங்கே போனதென்றே தெரியாது, பிழைச் செய்தியும் வராது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய கருவிகள் பென்டிரைவ் நிறையும்வரை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் பென்டிரைவ் என்றால் 64 ஜிபிக்கு எழுத மட்டும் 1 மணி 45 நிமிடத்துக்கு மேல் ஆகும், படிக்கும் நேரம் தனி. அந்த நேரத்தைச் செலவிடுவதுதான் லாபம். 64 ஜிபி பென்டிரைவ் விண்டோஸில் 59 ஜிபிக்கு அருகில் காட்டுவது போலி அல்ல, ஆயிரத்தில் எண்ணுவதற்கும் 1,024இல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்.

விரல்நுனி அளவே உள்ள சின்ன மெட்டல் பென்டிரைவ்கள் இதற்கு வேண்டாம். தொடர்ந்து எழுதும்போது சூடேறி வேகம் விழும். பழைய 2.5 இன்ச் எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி கேஸில் போட்டால் வேகமும் ஆயுளும் அதிகம். ஆனால் சில பழைய போர்டுகள் அதை பூட் லிஸ்டில் காட்டாது, ஆகவே அது கூடுதலாக மட்டும் இருக்கட்டும்.

முதல் பென்டிரைவ்: வென்டாய்

வென்டாய் திறந்த மூலக் கருவி. ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை, அதாவது இன்ஸ்டால் டிஸ்கை முழுதாக ஒரே ஃபைலாக்கியவற்றை, சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும். பூட் ஆகும்போது அவற்றின் பெயர்கள் பட்டியலாக வரும். நிறுவும்போது பார்ட்டிஷன் வகையில் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) என்றே வையுங்கள். பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் லெகசி போர்டிலும், அதற்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள புதிய போர்டிலும் அது பூட் ஆகும். முதல் பார்ட்டிஷன் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் இருக்கட்டும். கடைசியில் 32 எம்பி அளவில் தனிப் பார்ட்டிஷன் ஒன்று உருவாகும், அதைத் தொடக் கூடாது. அங்கே இடம் வீணாகிறது என்று அழிப்பவர்கள் உண்டு, அழித்தால் பூட் போயிற்று.

உள்ளே போட வேண்டியவை: ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஆறாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது (2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் யுஇஎஃப்ஐயில் இயங்குகிறது), சிஸ்டம்ரெஸ்க்யூ (பழுதுபார்க்கும் லினக்ஸ்), க்ளோனசில்லா (டிஸ்கை நகலெடுப்பது), ஜிபார்ட்டட் (பார்ட்டிஷன் மாற்றுவது), ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ (பென்டிரைவிலிருந்தே ஓடும் குட்டி விண்டோஸ்), லினக்ஸ் மின்ட், விண்டோஸ் 10, விண்டோஸ் 11. எல்லாம் சேர்ந்து 32 ஜிபிக்குள் அடங்கும். மீதி இடத்தில் டிரைவர் ஃபோல்டர்கள்.

இதில் ஒன்று முக்கியம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸ் இன்ஸ்டால் திரை எஸ்எஸ்டியையே காட்டாது. பட்டியல் வெறுமையாக இருக்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று எண்ணி மாற்றச் சொல்லும் இடம் இது. காரணம் விஎம்டி என்ற கன்ட்ரோலர். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இல்லாமல் இருக்கலாம். டிரைவரைப் பிரித்து ஃபோல்டராக வைத்திருந்தால் ‘லோட் டிரைவர்’ கொடுத்து ஒரு நிமிடத்தில் எஸ்எஸ்டி தெரியும். பிரிக்காத செட்டப் ஃபைல் அந்தத் திரையில் உதவாது. பயாஸில் விஎம்டியை அணைப்பதும் ஒரு வழிதான், ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள சிஸ்டத்தில் அணைத்தால் மேலே சொன்ன அதே நீலத்திரை வரும்.

ஐஎஸ்ஓவை இறக்கியதும் அதன் ஷா256 எண்ணை (ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) வெளியீட்டாளர் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிய ஃபைல் பாதியில் நின்று, முழுதாக இறங்கியதுபோலவே கிடக்கும். இன்ஸ்டால் 60, 70 சதவீதத்தில் பிழை காட்டி நின்றால் டிஸ்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஐஎஸ்ஓவைச் சந்தேகிக்க வேண்டும். காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் ‘இஜெக்ட்’ கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, பாதி எழுதியபோது பிடுங்கினால் பட்டியலே சிதையும்.

செக்யூர் பூட், பிட்லாக்கர்

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத பூட் ஃபைலை போர்டு தடுக்கும் வசதி) ஆன் ஆக உள்ள சிஸ்டத்தில் வென்டாய் முதல்முறை ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ என்று நீலப் பெட்டி காட்டும். ஓகே கொடுத்து, ஏதாவது கீயை அழுத்தி, ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ தேர்ந்தெடுத்து, வென்டாயின் சின்னப் பார்ட்டிஷனுக்குள் உள்ள சான்றிதழ் ஃபைலைக் காட்டி ரீபூட் செய்தால் அடுத்த முறை திறக்கும். அந்தச் சாவி போர்டிலேயே தங்கிவிடும் என்பதால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் சுலபமே என்று கை போகும். அங்கேதான் பெரிய ஆபத்து. விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கர்) ஆன் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் முதலில் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்துவிட்டு பயாஸுக்குள் போங்கள். திறக்கவில்லை என்றால், லேப்டாப்பில் கைவைப்பதற்கு முன்பே அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் மொபைல் வழியே நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளை வாங்கிக் கொடுத்த லேப்டாப் என்றால் கணக்கும் அந்தப் பிள்ளையின் பெயரில் இருக்கும், அங்கே அழைத்துத்தான் எண்ணை வாங்க வேண்டிவரும். எண் கைக்கு வராமல் ஃபார்மட் அடித்தால் உள்ளே இருந்தது போனது போனதுதான், எந்த மீட்பு மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. எண் கிடைத்தால் சிஸ்டம்ரெஸ்க்யூவிலிருந்தே கிரிப்ட்செட்டப் கட்டளை வழியாகத் திறந்து காப்பி எடுக்க முடியும்.

பழைய லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்று திடீரென ‘ஷிம் எஸ்பேட்’ பிழை காட்டி நின்றால் பென்டிரைவ் கெடவில்லை. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட், பழைய பூட்லோடர்களை (ஓஎஸ்ஸைக் கிளப்பும் முதல் ஃபைல்கள்) போர்டில் தடை செய்தது. புதிய ஐஎஸ்ஓ இறக்கிப் போட்டால் சரி. செக்யூர் பூட்டின் 2011ஆம் வருடச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கையொப்பமிட்ட பூட்லோடரின் காலாவதித் தேதியைப் பார்த்து போர்டு அதை நிறுத்துவதில்லை. ஆனால் இனி வரும் பூட்லோடர்கள் புதிய சான்றிதழில் வரும் என்பதால் பழைய போர்டுகளுக்கு பயாஸ் அல்லது விண்டோஸ் அப்டேட் தேவைப்படும்.

இரண்டாவது: விண்டோஸ் மட்டும்

வென்டாயை ஏற்காத போர்டுகள் சில உண்டு, அதற்காக 16 ஜிபியில் ரூஃபஸ் என்ற கருவி வைத்து விண்டோஸ் மட்டும் எழுதிய பென்டிரைவ். புதிய சிஸ்டத்துக்கு ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை), யுஇஎஃப்ஐ. 2010க்கு முந்தைய போர்டு என்றால் எம்பிஆர், பயாஸ். ஃபேட்32 ஃபைல் அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் இன்ஸ்டால் விம் ஃபைல் அதைத் தாண்டுவதால் ரூஃபஸ் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதி, பக்கத்தில் யுஇஎஃப்ஐ பூட்டுக்காக 1 எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வைக்கும். அதையும் ஏற்காத போர்டுக்கு டிஸ்ம் கட்டளையில் விம் ஃபைலை 3,800 எம்பித் துண்டுகளாகப் பிரித்து ஃபேட்32இல் போட வேண்டும். இவ்வளவு வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும், அது 4 ஜிபிக்குள் சுருக்கிய ஃபைலையே ஃபேட்32இல் எழுதும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதனால் எல்லாருக்கும் 11 போடச் சொல்லும் போக்கு வந்திருக்கிறது. ரூஃபஸில் டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டவைக்கும் தெரிவு உண்டு. ஆனால் கோர் 2 டுவோ சிஸ்டத்தில் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு எப்படித் தாண்டினாலும் பூட் ஆகாது. அந்த பிராசஸரில் பாப்கவுன்ட் என்ற கட்டளையே இல்லை. அங்கே லினக்ஸ்தான் நேர்மையான வழி.

விண்டோஸ் 7 இன்னும் கேட்டு வருபவர்கள் உண்டு, பழைய பில்லிங் மென்பொருளுக்காகவோ பழைய மெஷினோடு வந்த கார்டுக்காகவோ. அதன் இன்ஸ்டால் திரை ‘சிடி டிரைவர் இல்லை’ என்று குழப்பும். பென்டிரைவை நீலநிற யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து கறுப்பு 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் போதும். அப்படிப் போட்ட சிஸ்டத்தை நெட்டில் இணைக்காமல் வைப்பது நல்லது.

மூன்றாவது: பழைய சிஸ்டங்களுக்கு

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இன்றும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. 2 ஜிபி ராம் உள்ளதில் ஹைரன்ஸ் பிஇ திணறும். இவற்றுக்கும் 32 பிட் டெஸ்க்டாப்களுக்கும் 8 ஜிபியில் 32 பிட் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். இதை ரூஃபஸின் டிடி மோடில் (ஐஎஸ்ஓவை அப்படியே பைட் பைட்டாகப் பதிப்பது) எழுதினால் பிடிவாதமான பயாஸும் ஏற்கும். டிடி மோடில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில எம்பி மட்டுமே இருப்பதாகவோ, ‘ஃபார்மட் செய்யவா’ என்றோ கேட்கும். பென்டிரைவ் கெட்டுவிட்டதாக எண்ணித் தூக்கிப்போட வேண்டாம். மறுபடி சாதாரணமாக்க விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ‘க்ளீன்’ கொடுத்துப் புதிதாகப் பார்ட்டிஷன் போடலாம். தேர்ந்தெடுப்பதற்கு முன் டிஸ்க் அளவை இருமுறை பாருங்கள். எண் 0 என்பது பெரும்பாலும் சிஸ்டத்தின் சொந்த டிஸ்க்.

சிஸ்டத்தின் முன்னால்

பென்டிரைவை எப்போதும் சிஸ்டம் அணைந்திருக்கும்போதே செருக வேண்டும். ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை சிஸ்டங்களில் ஷார்ட்கட் வைரஸ் குடியிருக்கும். ஓடும் விண்டோஸில் செருகிய நொடியே பென்டிரைவுக்கு ஏறி, அடுத்த கடைக்கு நம் கையாலேயே போய்ச் சேரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கேபினட்டின் முன்பக்க யுஎஸ்பி போர்ட் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். பூட் ஆகத் தொடங்கி நடுவில் நின்றால் முதலில் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ராமின் தங்கநிறக் கால்களையும் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டால் பாதி ‘டிஸ்ப்ளே வரல’ புகார்கள் அங்கேயே தீரும்.

பூட் மெனு கீ டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்களிலும் ஜிகாபைட் போர்டுகளிலும் எஃப்12. ஏசரில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் ஆன் செய்ய வேண்டியிருக்கும். ஹெச்பியில் எஃப்9, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஏசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் எஃப்11. எதுவும் எடுபடாவிட்டால், விண்டோஸ் திறக்கும் சிஸ்டத்தில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து ‘யூஸ் எ டிவைஸ்’ வழியே போகலாம்.

முதலில் மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று. சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ராமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போடக் கூடாது, போட்ட விண்டோஸே சிதைந்திருக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டுங்கள். பிறகு சிஸ்டம்ரெஸ்க்யூவில் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல். ஹார்ட்டிஸ்கில் பார்க்க வேண்டியவை நான்கே எண்கள்: 5, 197, 198, 199. முதல் மூன்றில் மூல மதிப்பு சுழியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தட்டு தேய்கிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

தேய்ந்த டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டவே கூடாது. அது ஃபைல் அமைப்பைச் சீராக்கும் கருவி. படிக்க முடியாத பகுதிகளில் முட்டிமோதி டிஸ்கை மேலும் தேய்க்கும், சீராக்குகிறேன் என்று ஃபைல்களையும் துண்டுகளாக்கும். முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து முழு நகல் எடுங்கள். முதல் சுற்றில் ஸ்கிரேப் (கெட்ட பகுதிகளைச் சுரண்டிப் படிப்பது) வேண்டாம் என்ற தெரிவு, சுலபமாக வருவதெல்லாம் முதலில் வந்துவிடும். இரண்டாம் சுற்றில் மூன்று மறுமுயற்சி. மூலம் எது, இலக்கு எது என்பதை டிஸ்கின் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்த பிறகே என்டர் தட்ட வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் வாடிக்கையாளரின் டிஸ்கை முழுதாக அழித்துவிடும்.

எவ்வளவு முடிந்தது என்பதை டிடிரெஸ்க்யூ மேப்ஃபைலில் குறித்துவைக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ ராமில் ஓடுவதால், அதன் உள்ளேயே மேப்ஃபைலை வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போகும். வேறொரு வெளி டிஸ்கில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடி மின்னல் மாதங்களில் இந்த வேலையை யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள், மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்குள் வரும்.

காப்பி எடுக்க வேண்டியவை

“முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கு, சி மட்டும் ஃபார்மட் பண்ணுங்க” என்பதை நம்பி ஆரம்பிக்கக் கூடாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சியில்தான். ரப்பர், முந்திரி வியாபாரக் கடைகளில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும். அதன் டேட்டா ஃபோல்டர் சி டிரைவின் யூசர்ஸ், பப்ளிக்கிலும் இருக்கலாம், டேலி நிறுவிய இடத்திலும் இருக்கலாம். உள்ளே 10000 போல எண் பெயரோடு கம்பெனிக்கு ஒன்றாக ஃபோல்டர் இருக்கும். எத்தனை கம்பெனி என்று கேட்டு, அத்தனையும் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடை என்றால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும் வேண்டும். பழைய வேலைகள் யூனிகோடு அல்லாத தமிழ் ஃபான்ட்டுகளில் இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் பத்து வருட ஃபைல்களும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். விண்டோஸ் 10இலிருந்து ஃபான்ட் சில பயனரின் ஆப்டேட்டாவுக்குள்ளும் பதிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மலையாளப் பெயரிட்ட ஃபைல்களும் வரும். லினக்ஸில் நேராகக் காப்பி எடுத்தால் தமிழ், மலையாளப் பெயர்கள் அப்படியே வரும். அழிந்த ஃபைல்களைத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக் வைத்து மீட்டால் பெயரெல்லாம் போய் எண் மட்டும் மிஞ்சும், ஆகவே அது கடைசி வழி.

லினக்ஸில் விண்டோஸ் டிரைவ் படிக்க மட்டும் திறந்தால், பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் முழுதாக அணையவில்லை என்று பொருள். காப்பி எடுக்க அதுவே போதும், எழுதவைக்க வலுக்கட்டாயம் செய்ய வேண்டாம்.

காப்பி முடிந்து, டிஸ்கும் ராமும் நல்லது என்று தெரிந்த பிறகும் பூட் ஆகவில்லை என்றால், ஹைரன்ஸ் பிஇயில் நுழைந்து, விண்டோஸின் பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்து கொடுத்து, அந்த ஃபைல்களைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிஇ சூழலில் விண்டோஸ் உள்ள டிரைவ் சி என்று இல்லாமல் டி அல்லது இ என்று மாறியிருக்கும், ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு எழுத்தைக் கொடுங்கள். இதுவும் பலிக்காதபோதுதான் ஃபார்மட்.

பென்டிரைவ்களில் ஐஎஸ்ஓ புதுப்பித்த மாதத்தை ஸ்டிக்கரில் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஷா256 எண்களை ஒரு ஃபைலில் சேமித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் அந்தப் பென்டிரைவைத் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும், இரண்டாம் முறையும் மாறினால் வேறு வாங்க வேண்டும்.